முள் இல்லாமல்

டீரிலிடம் ஒரு நோட்டு இருக்கிறது.
சின்னப் பிள்ளைகள் மீன்பிடிக்கத் தோதான இடங்களுக்கு
அவளே மதிப்பெண் போடுகிறாள். பத்துக்கு.

படகு பெட்ரோல் பங்கின் பின்புறம்: நான்கு.
தண்ணீர்மேல் எண்ணெய். கழிப்பறைக்குச் சாவி கேட்கவேண்டும்.
கலங்கரை விளக்கப் பாறை: இரண்டு.
பாசி வழுக்குது. காத்து தொப்பியைத் தின்னுடும்.
தேவாலயத்துக்குக் கீழே குட்டை: பூஜ்யம்.
மீனே இல்லை. ஒரே ஒரு வாத்து,
அதுவும் கோபக்கார வாத்து.

எனக்குக் கடல் தெரியாது.
உள்நாட்டு மலையோரம் வளர்ந்தவன், பஸ் ஓட்டுகிறவன்.
அவள் அம்மா இங்குன்னை
எனக்குப் பதினோரு மாதமாகத் தெரியும்.
அந்த வீட்டுக் குளியலறையில்
என் டூத் பிரஷ்ஷுக்கு இடம் கிடைத்து ஆறு வாரம்.
டீரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
"இங்க பாருங்க" என்பாள்.
சில நாள் அதுவும் இல்லை, சட்டை நுனியை இழுப்பாள்.

சனிக்கிழமை. இரவுப் பணி முடிந்து இங்குன் தூங்கினாள்.
நான் புதுத் தூண்டில் ஒன்று வாங்கியிருந்தேன்:
கார்பன் கம்பு, ஆறு நிறத்தில் பொய் மீன்கள்.
விலையை யாரிடமும் சொல்லவில்லை.
அவள் சமையலறை இழுப்பறையைக் குடைந்து
ஒரு துணி கிளிப்பும் நூல்கண்டும் எடுத்தாள்.
"போலாம்."

க்ராகெரோவுக்குத் தெற்கே ஒரு மரப்பலகைத் துறை.
தூணில் ஒட்டிய கருஞ்சிப்பியைப் பிய்த்துக்
குதிகாலால் நசுக்கி, சதையைக் கிளிப்பில் கவ்வக் கொடுத்து
நூலை இறக்கினாள்.

"முள்?" என்றேன்.
"நண்டுக்கு எதுக்கு முள்?"

சரிதான்.
நண்டு தானாகத்தான் பிடித்துக்கொண்டு வருகிறது.
வழியில் எந்த நொடியிலும் விட்டுவிடலாம்.
பசியோ வீம்போ,
வாய்க்கு வந்ததை விட மனசில்லாமல்
வெயில் வரைக்கும் ஏறி வருகிறது.
வாளியில் விழுந்த பிறகுதான் உறைக்கிறது.

என் கார்பன் கம்பு முதல் வீச்சிலேயே
பக்கத்துப் படகின் பாய்மரக் கயிற்றைப் பிடித்தது.
படகுக்காரர் ஆஸ்முண்ட் காபிக் கோப்பையோடு வந்து
பொறுமையாகக் கழற்றிக் கொடுத்தார்.
சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.
பிறகு நான் வாளி பிடிப்பவன் ஆனேன்.

மதியத்துக்குள் இருபத்துமூன்று.
நேராகவே நடக்கத் தெரியாத இருபத்துமூன்றையும்
பலகையில் கொட்டிப் பந்தயம் விட்டாள்.
எல்லாம் ஒரே திசையில் ஓடின, கடலுக்கு.
டப் டப் என்று விழும் சத்தம்.
ஜெயித்தது எது என்று
எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு.

இரவு பத்து மணி. ஜூன் மாதம்,
வானம் இன்னும் விளக்கணைக்கவில்லை.
இங்குன் வேலைக்குப் போயிருந்தாள்.
கார் டிக்கியில் கீறும் சத்தம்.
லைஃப் ஜாக்கெட்டுக்கு அடியில், காலி வாளி என்று நினைத்ததில்,
நாணயம் அளவு ஒரு நண்டு.

"இருபத்துநாலு," என்றாள் பைஜாமாவோடு, வாசலில் நின்று.
அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச்
சாவியை எடுத்தேன்.
எட்டு கிலோமீட்டர்.
மடியில் வாளி. வளைவுகளில்
பயணிகள் நிறைந்த பஸ்ஸைவிட மெதுவாகத் திருப்பினேன்.

துறையில் ஆளில்லை.
பலகையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள்.
நண்டு போகவில்லை.
அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.
கத்தவில்லை அவள்.

"ஹால்வர்," என்றாள், மெதுவாக,
"இது விட மாட்டேங்குது."

"தண்ணிக்குள்ள வெச்சுப் பாரு. தானா விடும்."
எனக்கு எப்படித் தெரியும்?
தெரியாது. சொன்னேன், அவ்வளவுதான்.
கொஞ்ச நேரம் எடுத்தது. விட்டது.

திரும்பும்போது முன் இருக்கை விளக்கில் எழுதினாள்.
எட்டரை.
ஒன்றரை எதற்குக் குறைந்தது என்று கேட்டேன்.
கழிப்பறை தூரமாம்.

திங்கட்கிழமை காலை, முதல் நடை.
டிக்கெட் வாங்கிய அம்மாள்
என் பக்கம் குனிந்து மூக்கைச் சுளித்தார்.
சட்டைப் பையில் துணி கிளிப்,
அதன் வாயில் இன்னும் கொஞ்சம் சிப்பி.